மக்காச்சோளத்துக்கு எருவும் யூரியாவும்: டெல்டா வயலில் கழித்தல் கணக்கு எங்கே பிசகுகிறது

டெல்டாவில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது: “இந்தத் தடவை எரு நல்லா அடிச்சிருக்கு, யூரியாவைப் பாதியாக் குறைச்சிட்டேன்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முப்பதாம் நாள் அந்த வயலில் இறங்கிப் பார்த்தால், அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சள் பாய்ந்து, நடு நரம்பு வழியாக அம்பு முனை போல உள்ளே ஏறியிருக்கும். அது தழைச்சத்துப் (நைட்ரஜன்) பசி. அறுவடையில் கதிர் சிறுத்துப்போனதும் எரு மேல் பழி விழும். அடுத்த போகத்துக்கு எருவையே விட்டுவிடுவார்கள். எருவில் குற்றம் இல்லை. கழித்த கணக்கில்தான் குற்றம்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். நன்கு மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ தழைச்சத்து மண்ணுக்குள் போகிறது. ஆனால் அது முழுக்க இந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் எருவைத் தின்று, சிதைத்து, மெல்ல மெல்லத்தான் விடும். முதல் பயிருக்குக் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது சுமார் 8 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், 8 கிலோ தழைச்சத்து என்பது 17 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை. ஏக்கருக்கு நாலு மூட்டைக்கு மேல் யூரியா கேட்கும் பயிரில் இரண்டு மூட்டையைக் குறைத்தால் பயிர் எங்கே போகும்?

சாம்பல் சத்தின், அதாவது பொட்டாஷின் கதை நேர் எதிர். எருவில் உள்ள பொட்டாஷ் எதனோடும் இறுகக் கட்டுப்பட்டிருப்பதில்லை. நீரில் கரையும் நிலையில்தான் இருக்கிறது. 5 டன் எருவில் ஏறக்குறைய 25 கிலோ சாம்பல் சத்து உண்டு, அதில் பெரும்பகுதி அதே போகத்தில் கிடைத்துவிடும். ஆகவே எரு அடித்த வயலில் துணிந்து குறைக்கலாம் என்றால் அது பொட்டாஷ்தான், யூரியா அல்ல. நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எருக்குழி ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்திருக்கக் கூடாது. அடைமழையில் குப்பை மேட்டின் அடியிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்போம். அந்தத் தண்ணீரில் போவது பொட்டாஷும், கரையும் தழைச்சத்தும். மழைக்குப் பிறகு மிச்சமிருப்பது நல்ல மக்குதான், மண்ணின் கட்டுக்கு உதவும். சாம்பல் சத்துக் கணக்கில் மட்டும் அதை நம்ப முடியாது. மழைக்கு முன் மேட்டைக் கூம்பாக்கி, தென்னங்கீற்றோ பழைய தார்ப்பாயோ போர்த்தி, சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும். செலவில்லாத வேலை.

மட்கியதா, காய்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். வெயிலில் சுக்காகக் காய்ந்த சாணி எரு ஆகிவிடாது. குவியலுக்குள் கடப்பாரையை இரண்டடி இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது, வயலுக்கு ஆகாது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்தால் வைக்கோல் துண்டு தெரியாமல் பொலபொலவென உதிர வேண்டும். வாசம் மழை பெய்த மண் போல இருக்க வேண்டும். மூத்திர நெடி மூக்கில் ஏறினால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். மட்காத எரு போட்ட வயலில் இருபது நாள் நாற்று ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள்: சாணிக் கட்டியை ஒட்டிய வேர் பழுப்பேறி நின்றிருக்கும், மறு பக்க வேர் வெள்ளையாக நீண்டிருக்கும். ஒரத்தநாடு, வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் கூடவே கரையானும் வரும். களை விதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி அளவுகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொல்லும் அளவு எக்டேருக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து 250:75:75 கிலோ, அதோடு தொழு உரம் 12.5 டன். ஏக்கருக்கு 100:30:30 கிலோவும் 5 டன் எருவும். மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு இது தொடக்கப் புள்ளி.

எரு இல்லாமல் இதை மூட்டைக் கணக்கில் போட்டால் ஏக்கருக்கு டிஏபி (மணிச்சத்தோடு கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள உரம்) 65 கிலோ, பொட்டாஷ் உரம் 50 கிலோ, யூரியா 192 கிலோ. தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதிக் கால் பங்கு 45ஆம் நாள். டிஏபியிலேயே ஏறக்குறைய 12 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் அடியில் 29 கிலோ யூரியா போதும். 25ஆம் நாள் 109 கிலோ. 45ஆம் நாள் 54 கிலோ.

நல்ல எரு 5 டன் அடித்த வயலில் இது எப்படி மாறும்? பொட்டாஷ் 25 கிலோவாகக் குறையும். யூரியாவில் அந்த 17 கிலோவைக் கழிக்கலாம், ஆனால் எந்தத் தவணையில் என்பதுதான் முக்கியம். அடியுரத்தில் கை வைக்கக் கூடாது: எரு அப்போது எதையும் விட்டிருக்காது, முளைத்த நாற்றுக்கு வேரும் குட்டை. 25ஆம் நாளிலும் கூடாது: அந்த வாரத்தில்தான் குருத்து மண் மட்டத்துக்கு மேலே ஏறி, தண்டு வேகமெடுத்து, அடுத்த சில வாரங்களில் கதிரின் வரிசை எண்ணிக்கையும் பருமனும் முடிவாகின்றன. கழிக்க வேண்டியது 45ஆம் நாள் தவணையில். அதற்குள் மண் சூடு ஏறி, எரு சிதைந்து, தன் பங்கை விடத் தொடங்கியிருக்கும். ஆக கடைசித் தவணை 37 கிலோ.

மாக் கணக்கில் பேசுகிறவர்களுக்கு, 33 சென்ட் ஒரு மாவுக்கு: அடியில் டிஏபி 22, யூரியா 10, பொட்டாஷ் 8 கிலோ, 25ஆம் நாள் யூரியா 36, 45ஆம் நாள் 12 கிலோ. எரு ஒன்றே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு.

டிஏபிக்குப் பதிலாக சூப்பர் பாஸ்பேட் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சூப்பரில் தழைச்சத்து கிடையாது. ஆகவே அடியில் யூரியா 29 கிலோ போதாது, 54 கிலோ வேண்டும். 30 கிலோ மணிச்சத்துக்கு சூப்பர் 187 கிலோ, அதாவது நாலு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. தூக்கிச் சுமக்கும் பாரம் அதிகம்தான். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் சேர்ந்து வருகின்றன. எருவோடு கூட்டுச் சேர்க்க சூப்பரே தோது. புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்துச் செம்மண்ணில் இதன் அருமை தெரியும். அங்கே மண்ணில் உள்ள இரும்பு மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். எருவுக்குள் பொதிந்து கொடுத்தால் அந்தப் பூட்டில் சிக்குவது குறையும்.

அதற்குத்தான் ஊட்டமேற்றிய தொழு உரம். ஏக்கருக்குத் தேவையான சூப்பரை, சலித்த மட்கிய எரு 300 கிலோவுக்குக் குறையாமல் எடுத்து அடுக்கடுக்காகக் கலக்க வேண்டும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது, அதுதான் ஈரப்பதம். நிழலில் குவித்து, மேலே சேறு பூசியோ பாலித்தீன் தாள் மூடியோ 25 முதல் 30 நாள் விட வேண்டும். தை மாதம் சம்பா அறுத்து மக்காச்சோளம் ஊன்றுகிறவர்கள் மார்கழியிலேயே இதைக் கூட்டி வைத்தால்தான் சரியாக வரும். அறுவடை முடிந்த பிறகு நினைத்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். இந்தக் குவியலில் யூரியா சேர்க்காதீர்கள், அடுப்புச் சாம்பலும் வேண்டாம். சாம்பலின் காரம் யூரியா, டிஏபியில் உள்ள தழைச்சத்தை அமோனியாவாக்கி விரட்டிவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வயலுக்குப் போக வேண்டிய சத்து.

எருவை வயலில் இறக்கும் விதத்திலும் நிறைய வீணாகிறது. டிப்பர் கொட்டிய குவியல்கள் பத்து நாள் வெயிலில் கிடக்கும். பிறகு ஆள் கிடைக்கும்போது பரப்புவார்கள். குவியல் இருந்த இடத்தில் பயிர் கறுகறுவென எழும்ப, நடுவில் வெளிறிப்போய் நிற்கும், வயல் அம்மைத் தழும்பு போலத் தெரியும். இறக்கிய அன்றே பரப்பி, அன்றே கடைசி உழவில் மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும். உழவு டிராக்டருக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் எரு வண்டிக்குச் சொல்ல வேண்டும்.

சம்பா அறுத்த நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அறுவடை மெஷின் விட்டுப்போன வைக்கோலையும் தாளையும் ரோட்டவேட்டரில் அடித்து மண்ணுக்குள் தள்ளிவிட்டு, உடனே மக்காச்சோளம் போடுவது. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். பதினைந்து, இருபது நாளில் வயல் முழுக்க வெளிர் பச்சையாக நிற்பது இதனால்தான். எருவும் போட்டு, உரமும் போட்டு, இன்னும் வெளுக்கிறதே என்று குழம்ப வேண்டாம். தாளை மடக்கி உழும்போதே ஏக்கருக்கு 22 கிலோ யூரியா தூவி உழுது, இரண்டு மூன்று வாரமாவது விட்டு விதைத்தால் பாதிப்பு குறையும். அவ்வளவு இடைவெளி இல்லையென்றால் வைக்கோலைக் கட்டு கட்டி மாட்டுக்கு அனுப்பிவிடுவதே மேல்.

உழாமல், சம்பா அறுத்த ஈரத்திலேயே ஊன்றுகிறவர்களுக்கு எரு பரப்பி உழ வழியில்லை. அவர்கள் எருவைச் சம்பாவுக்கு முன்பே அடித்துவிட வேண்டும். மக்காச்சோளத்துக்கு மண்புழு உரத்தையோ ஊட்டமேற்றிய எருவையோ குழியில் கொடுக்கலாம். 60க்கு 25 சென்டிமீட்டரில் ஏக்கருக்குச் சுமார் 26,600 செடி. குழிக்கு 50 கிராம் என்றால் 1,300 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போகும். எரு அடியில், மேலே விரல்கடை மண், அதற்கு மேல் விதை. டிஏபியையும் யூரியாவையும் அந்தக் குழியில் போட்டால் முளை வெந்துபோகும். அவற்றை விதைக்கு நாலு விரல் தள்ளித் தனிக் குழியில் வைக்க வேண்டும். களிமண் வெடிப்பு விடுவதற்கு முன் முதல் தண்ணீரும் கட்டிவிட வேண்டும். வெடித்த பிறகு கட்டினால் தண்ணீரும் உரமும் வெடிப்பு வழியே வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

25ஆம் நாள் மேலுரம்தான் இந்தப் பயிரின் உயிர்நாடி. 109 கிலோ யூரியாவைச் செடிக் கணக்கில் வகுத்தால் செடிக்கு 4 கிராம். தட்டையாக எடுத்த ஒரு டீஸ்பூன். ஆள் இறங்கும் முன் ஒரு டீஸ்பூன் அளந்து கையில் கொட்டிக் காட்டிவிட்டால், மூன்று விரல் நுனியில் எவ்வளவு என்று கைக்குப் பழகிவிடும். களை கொத்தி முடித்து, செடியிலிருந்து நாலு விரல் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, உடனே மண் அணைக்க வேண்டும். மேலோடு வீசினால் இரண்டு நட்டம். எரு கலந்த ஈர மண்ணின் மேல் யூரியா திறந்து கிடந்தால் அமோனியாவாகிக் காற்றில் போகும். எருவோடு வரும் நொதிகள் அந்த வேலையை இன்னும் வேகமாக்கும். அடுத்தது, உருண்டைகள் குருத்துக் குழிவுக்குள் விழும். மறுநாள் பார்த்தால் குருத்திலை வெந்து, விரியும்போது குறுக்கே வெள்ளைப் பட்டையாகக் காட்டும். அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. இலையில் பனி காயாத காலை நேரத்தில் உரம் வைக்கவே வேண்டாம்.

புரட்டாசிப் பட்டத்தில் போட்டால் இந்த மேலுரம் ஐப்பசி மழையில் போய் விழும். மழை அறிவிப்பு இருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள், அல்லது பாதி பாதியாகப் பிரித்து வையுங்கள். பழைய டெல்டாவின் களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மண்ணில் உள்ள தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடும், வேருக்கு மூச்சும் முட்டும். பார் பிடித்து, பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வடிகால் இல்லாமல் இந்த மண்ணில் மக்காச்சோளம் போடுவது, போட்ட உரத்தை வெள்ளத்தில் விடுவதற்குச் சமம். தண்ணீர் நின்று மஞ்சளித்துவிட்டால் முதலில் வடிக்க வேண்டும். கால் புதையாத பதம் வந்ததும் பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம் யூரியா கரைத்து இலைவழி அடித்து, பிறகு ஏக்கருக்கு 20 கிலோ யூரியா மண்ணில் வைத்தால் பயிர் மீளும்.

நெல் வயலுக்குத் துத்தநாகக் குறை புதிதல்ல. மக்காச்சோளம் அதை இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். இளம் இலைகளில் நடு நரம்புக்கு இருபுறமும் அடிப்பகுதியில் வெளுத்த பட்டை ஓடும். சம்பாவுக்கு ஜிங்க் சல்பேட் போட்டிருந்தால் அதன் மிச்சமே பெரும்பாலும் போதும். இல்லையென்றால் ஏக்கருக்கு 15 கிலோவை மணலோடு கலந்து, விதைப்பு சாலில் மேலாகத் தூவலாம். டிஏபி, சூப்பரோடு ஒரே கூடையில் கலக்கக் கூடாது. மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். பயிர் நிற்கும்போது தெரிந்தால் பத்து லிட்டருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அடிக்கலாம்.

கோழி எரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்திலிருந்து லாரி லாரியாக இங்கே வருகிறது. சத்து மாட்டெருவைப் போலப் பல மடங்கு, வேகமும் அதிகம்; அதனால்தான் ஆபத்தும். பச்சையாகப் போட்டால் அமோனியாச் சூட்டில் நாற்று கருகும். அளவை ஒரு டன், ஒன்றரை டன்னோடு நிறுத்திக்கொண்டு, கரும்புச் சக்கையோ நெல் உமியோ சேர்த்து இரண்டு மாதம் மட்க வைத்துப் பயன்படுத்துங்கள். அந்த வயலில் டிஏபியைக் கணிசமாகக் குறைக்கலாம், மணிச்சத்து அதில் தாராளம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடங்களில் கோழி எருவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

வேப்பம் புண்ணாக்கு கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ. அதன் 5 கிலோ தழைச்சத்துக்காக மட்டும் வாங்கினால் விலை கட்டாது. 2018 முதல் நம்மைப் படுத்தும் படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணில் இருப்பதால்தான் அது தேவைப்படுகிறது. அளவுக்கு மீறி யூரியா போட்டுத் தளதளவென வளர்த்த பயிரில் புழு இன்னும் அதிகம் மேயும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களை (தழை, மணிச்சத்து கிடைக்க உதவும் நுண்ணுயிர்கள்) விதையில் கலக்கும் பழக்கத்தை இந்தப் பயிரில் விட்டுவிடலாம். கடையில் வாங்கும் ஒட்டு விதை சிவப்பிலோ பச்சையிலோ மருந்து பூசித்தான் வருகிறது. அதன் மேல் உயிர் உரம் ஒட்டினால் பாதி செத்துப்போகும். அதற்குப் பதிலாக உயிர் உரத்தை 10 கிலோ எரு, 10 கிலோ மண்ணோடு கலந்து சாலில் தூவுங்கள். ரசாயன உரம் வைத்த அதே கையோடு வேண்டாம், ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள்.

எரு தொடர்ந்து போடும் வயலில் யூரியாவை எப்போது கூடுதலாகக் குறைக்கலாம்? முதல் வருஷம் மண்ணில் தங்கிய மூன்றில் இரண்டு பங்கு அடுத்தடுத்த போகங்களில் வரும். மூன்றாம் வருஷம் துணிந்து பார்க்கலாம், ஆனால் வயல் முழுக்க அல்ல. பத்துப் பார் மட்டும் ஒதுக்கி, இரண்டு ஓரத்திலும் குச்சி நட்டு, அதில் 45ஆம் நாள் யூரியாவை முழுக்க நிறுத்திப் பாருங்கள். பூட்டை (உச்சியில் வரும் ஆண் பூ) வெளிவரும் சமயத்தில் கதிருக்குக் கீழே உள்ள இலைகளை எண்ணுங்கள். பக்கத்துப் பாரைவிட இரண்டு இலை கூடுதலாகக் காய்ந்திருந்தால் மண் இன்னும் தயாராகவில்லை. அறுவடையில் இரண்டு பக்கமும் இருபது இருபது கதிர் உரித்து, நுனியில் மணி பிடிக்காத நீளத்தை விரலால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த போகத்தில் வயல் முழுக்கக் குறைக்கலாம்.

கதிர் ஒடித்த பிறகு நிற்கும் தட்டையில்தான் பயிர் எடுத்த பொட்டாஷில் பெரும்பகுதி இருக்கிறது. அதைக் கொளுத்த வேண்டாம். மாட்டுக்குப் போட்டால் எருவாகத் திரும்பி வரும். வயலிலேயே துண்டு போட்டு மடக்கி உழுவதானால் குறுவைச் சேற்றுழவுக்கு மூன்று வாரமாவது முன்னால் முடித்துவிட வேண்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் மே கடைசி வாரம் தாண்டக் கூடாது. தட்டை அரைகுறையாக மட்கிய நிலையில் தண்ணீர் கட்டிச் சேறாக்கினால், அது அழுகிப் புளிப்பு ஏறி, நட்ட குறுவை நாற்று பத்து நாள் வேர் பிடிக்காமல் மஞ்சளாகவே நிற்கும்.